ஐந்து ஓட்டை, ஆறு ஓட்டை

லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மற்றக் கண்ணை நுணுக்குக்காட்டியின் குழாயில் வைத்து, மெல்லிய குரலில் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார்.

"எக்காய், தெக்காய், துனாய், ஹதராய், பஹாய்."

ஐந்து. அங்கே நிறுத்திவிட்டார். பிறகு மேசையில் விரித்திருந்த என் படத்தின் மேல் சுண்டுவிரலை வைத்து மறுபடி எண்ணினார். இந்தத் தடவை ஆறு வந்தது.

நான் கதிரையின் நுனியில் இருந்தேன். பக்கத்தில் எங்கள் ஊரின் கிராம அலுவலரான விதானையார், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, சோதனையில் கொப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை போல இருந்தார். முகாமுக்குள் எங்கேயோ பருப்புக்குத் தாளிக்கிற மணம் வந்தது. அந்தப் பயத்திலும் எனக்குப் பசித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எதைக்கொண்டு நிரப்புவது?

"மிஸ்," என்றார் லெப்டினன்ட். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "அதில அஞ்சு ஓட்டை. இதில ஆறு ஓட்டை. பொய் எது?"

அதே முகாமின் பின்பக்கத்தில் இரண்டு நாளாக, என்னோடு வேலை செய்த மாடசாமி அண்ணனை அடைத்து வைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்கு வருவாரா மாட்டாரா என்பது அந்த ஆறாவது ஓட்டையைப் பற்றி நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில் இருந்தது.

அட்டைக்கு எலும்பு உண்டா

சண்டை நின்றது போல இருந்துவிட்டு, மறுபடி தொடங்கியது போலவும் தொடங்காதது போலவும் இருந்த காலம் அது. கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். போனால் சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். கடலட்டை பிடிக்க மூழ்குகிறவர்கள் மாதக்கணக்கில் கரையில் இருந்து சீட்டு விளையாடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடலட்டைகளை இனம்காண ஒரு கைநூல் தயாரிக்கும் திட்டம் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. அட்டை பிடிக்க ஆளில்லாத ஊரில், பிடித்த அட்டை என்ன அட்டை என்று சொல்ல ஒரு புத்தகம். அதுவும் ஆங்கிலத்தில். திட்ட அலுவலகமான கந்தோர் இன்னும் விசேஷம். கடல் இருக்கும் பக்கத்தில் வீடு கிடைக்கவில்லையென்று, வயலுக்கு நடுவில், நானாட்டானில் போட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடலட்டை என்பது கடலுக்கு அடியில் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கும் ஒரு கொழுத்த சீவன். உயிரோடு இருக்கும்போது வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். அவித்துக் காயவைத்தால் எல்லாம் ஒரே கருங்கட்டை. ஆனால் அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்கின்றன. தோலில் ஒரு நெல்லளவு வெட்டி, உடுப்பு வெளுக்கிற திராவகத்தில் போட்டால் தோல் கரைந்துவிடும், துணுக்குகள் மிஞ்சும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில சட்டைப் பொத்தான் மாதிரி, ஓட்டைகளோடு. சில மேசை மாதிரி, வட்டமான தட்டும் அதற்கு மேல் ஒரு கோபுரமும். இனத்துக்கு இனம் அவை வேறுபடும்.

ஆகவே படம் கீறுகிறவர் கண்டதைக் கண்டபடி கீற வேண்டும். ஓட்டை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடம் இதுதான். சொல்லித்தந்தவர் எங்கள் திட்ட இணைப்பாளர். அந்தப் பாடத்தை முதலில் மறந்தவரும் அவர்தான்.

வெங்காயமும் காற்றுக்குமிழியும்

அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நான் வளர்ந்த விதமும் அப்படித்தான்.

உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி இருந்தது. அது ஒரு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு அதிபரிடம் இருந்தது. அதிபர் பெரும்பாலும் கூட்டத்தில் இருந்தார். நாங்கள் வெங்காயத் தோலின் கலங்களைப் போன வருடத்து அக்காமாரின் கொப்பியைப் பார்த்துக் கீறினோம். அவர்கள் அதற்கு முந்திய வருடத்துக் கொப்பியைப் பார்த்துக் கீறியிருந்தார்கள்.

எல்லாருடைய படத்திலும் மூன்றாவது கலத்துக்குள் ஒரு தடித்த வளையம் இருந்தது. அதற்குப் "புன்வெற்றிடம்" என்று அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதியிருந்தது. பிறகு ஒருநாள் பரிசோதகர் வருகிறார் என்று அலுமாரியைத் திறந்தார்கள். அன்றுதான் நிசமான வெங்காயத் தோலைப் பார்த்தேன். அந்த வளையம் வெறும் காற்றுக்குமிழி. எந்தக் காலத்திலோ ஒரு அக்கா மூடியைச் சரியாக வைக்காமல் கண்ட குமிழியை, நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு கீறி வந்திருக்கிறோம்.

நான் கண்டதைக் கீறிக்கொண்டு போனேன். குமிழி இல்லை என்று எனக்குப் புள்ளி குறைத்தார்கள். அதற்கு அடுத்த கிழமை குமிழியோடு கீறிக் கொடுத்து முழுப்புள்ளியும் வாங்கினேன். பதினெட்டு வயதில் எனக்குப் புரிந்தது இதுதான்: கண்ணை விட மேலே இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துக் கீறுவது நல்லது.

எலியால் கீறுவது

திட்டத்தில் நான் பென்சில் பிடிக்கவில்லை. எல்லாம் கொம்பியூட்டர். நுணுக்குக்காட்டியின் குழாயில் ஒரு சின்னக் கமெராவைப் பூட்டி, வயரைக் கொம்பியூட்டரில் செருகினால் துணுக்கின் படம் திரையில் வந்து நிற்கும். அந்தப் படத்துக்கு மேல், திரையிலேயே, கண்ணாடி போன்ற ஒரு தாளை விரிக்கலாம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எத்தனை தாளும் விரிக்கலாம். அந்தத் தாளில் துணுக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மவுஸால் கோடு இழுக்க வேண்டும். நிழலைத் தேய்த்துக் காட்டக்கூடாது, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். கடைசியில் கீழே ஒரு சின்ன அளவுக்கோடு.

மவுஸால் படம் கீறுவது செங்கல்லைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவது போல. அறுவடைக் காலத்தில் வயல் தூசு வந்து மவுஸின் வயிற்றுக்குள் இருக்கும் உருண்டையில் ஒட்டிவிடும். நான் வலப்பக்கம் இழுத்தால் கோடு மேலே போகும். உருண்டையைக் கழற்றி நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவேன். ஜெனரேற்றர் நின்றால் சேமிக்காத கோடெல்லாம் அதோடு போய்விடும். அப்படி இரண்டு நாள் மினக்கெட்டு, வெள்ளை அட்டையின் ஒரு பொத்தானைக் கீறி முடித்தேன். ஐந்து ஓட்டை. ஒன்று மற்றவற்றைவிடப் பெரிது. ஒரு பக்கம் விளிம்பு உடைந்திருந்தது. கண்ணாடித் தட்டில் அந்தத் துணுக்கைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டமும் போட்டு வைத்தேன். ஆயிரம் துணுக்குக்குள் பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இணைப்பாளர் வந்து பார்த்தார். அவர் எப்போதும் வெள்ளைச் சட்டை போடுகிறவர். சட்டைப்பையில் இரண்டு பேனை, இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

"என்ன பிள்ளை, எலி கடிச்ச பிஸ்கட் மாதிரிக் கிடக்கு?"

"அப்பிடித்தான் ஐயா இருக்கு. பாருங்கோவன்," என்று குழாயைக் காட்டினேன்.

அவர் குனியவில்லை. அந்தத் திட்டம் முடியும் வரைக்கும் அவர் ஒரு தடவையும் குனிந்து பார்க்கவில்லை.

"இயற்கை பிழை விட்டால் நாங்கள் திருத்தக்கூடாதோ? வெளிநாட்டுக்குப் போற புத்தகம். நல்ல பக்கத்தை வெட்டும். அதைப் பிரதி எடுத்துப் புரட்டிப்போட்டு மற்றப் பக்கம் ஒட்டும். கண்ணாடியில பாக்கிற மாதிரி வரும். பிறகு கீழ இருக்கிறதை அழிச்சுவிடும்."

செய்தேன். நல்ல பக்கத்தில் மூன்று ஓட்டை இருந்தது. புரட்டி ஒட்டினால் ஆறு. இரண்டு நிமிட வேலை. எந்த அட்டையும் கனவில்கூடக் காணாத ஒரு வடிவான பொத்தான் திரையில் வந்தது. "பாத்தீரோ, இதுதான் படம்," என்றார். எனக்கும் சந்தோசத்தில் புளுகமாகத்தான் இருந்தது. பிறகு வந்த பதினொரு படங்களையும் அவர் கேட்காமலே அப்படிச் செய்தேன்.

கீழே இருந்த தாள்களை மட்டும் அழிக்கவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் அடையாளம் இருக்கும். அதை அமத்தினால் தாள் மறைந்துவிடும். மறைத்துவிட்டுப் போய்விட்டேன். நேர்மையால் என்று நினைத்துவிட வேண்டாம். அழிப்பதற்கு மூன்று இடத்தில் அமத்த வேண்டும், மறைப்பதற்கு ஒரு இடம் போதும். அவ்வளவுதான்.

கோபுரம்

கந்தோரில் பிரின்டர் இல்லை. திட்டத்தின் கடதாசியில் இருந்தது, வீட்டில் இல்லை. ஆகவே படங்களைச் சிடியில் ஏற்றி மாடசாமி அண்ணனிடம் கொடுத்து, மன்னார் ரவுனில், உப்புக்குளத்தில் இருந்த ஒரு கடைக்கு அனுப்புவோம். அவர் எங்கள் கந்தோரின் தபால்காரர், தேத்தண்ணி ஊற்றுகிறவர், ஜெனரேற்றருக்கு வைத்தியர், எல்லாம். மலைநாட்டில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்து, இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அடையாள அட்டையில் பிறந்த இடம் ஒரு மாவட்டம், விலாசம் இன்னொரு மாவட்டம். சரளமாகச் சிங்களம் வேறு பேசுவார். இவ்வளவும் ஒரே ஆளிடம் இருந்ததைச் சோதனைச் சாவடிகளில் இருந்தவர்களால் சகிக்க முடியவில்லை.

அன்று திரும்பி வரும்போது பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு தாள். முதல் தாளில் ஒரு வட்டத்தட்டு, அதற்கு மேல் நான்கு தூணோடு ஒரு கோபுரம். பக்கத்தில் அதே கோபுரத்தை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்ற படம். சுற்றிப் புள்ளிகள். கீழே அளவுக்கோடு. ஏ, பி, சி என்று அடையாளம். எல்லாம் ஒரு பிசகும் இல்லாமல் சமமாக, பொறியியலாளர் வரைந்தது போல.

அந்தச் சாவடிக்குப் பின்னால் நான்கு தூணோடு ஒரு காவற்கோபுரம் நின்றது.

"இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். மாடசாமி அண்ணன் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்: "கடலட்டையோட எலும்பு." அட்டைக்கு எலும்பு இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாண் விற்கிறவர்தான் வந்து சொன்னார். மறுநாள் விடிய மாடசாமி அண்ணனின் மனைவி சரசக்கா வந்து கந்தோர்ப் படியில் இருந்தார். அழவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவரு என்ன படத்தைங்க கொண்டு போனாரு?" என்று மட்டும் கேட்டார்.

இணைப்பாளர் உள்ளே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். திட்டத்தின் நோக்கம் முதல் பந்தி. எதிர்பார்க்கும் பயன் இரண்டாம் பந்தி. நான்காம் பந்தியில் மாடசாமி அண்ணன் வந்தார்.

"நீங்கள் ஒருக்கால் போய்க் கதைச்சால் என்ன ஐயா?"

"நான் போனால் திட்டத்துக்கே பிரச்சினை வரும் பிள்ளை. நீர் பொம்பிளைப் பிள்ளை. விதானையாரோட போம்."

அவர் சொன்னதில் அந்த நேரம் எனக்குப் பெரிய அர்த்தம் இருப்பது போலத்தான் பட்டது. நுணுக்குக்காட்டியை ஒரு சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேனை வட்டம் போட்ட கண்ணாடித் தட்டைப் பஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, விதானையாரோடு ஓட்டோவில் ஏறினேன். படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது என் திட்டம். என் படம் என்ன படம் என்பது அந்த நேரம் என் மூளையிலேயே இல்லை.

பொய் எது

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். கீழ்க்கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து, வட்டத்துக்குள் இருந்த பொத்தானைத் தேடி எடுத்து, லெப்டினன்டைப் பார்க்கச் சொன்னவள் நானே. அவர் ஐந்து வரைக்கும் எண்ணி நிறுத்தியபோதுதான் நான் புரட்டி ஒட்டிய மற்றப் பாதி நினைவுக்கு வந்தது.

விதானையார் என் காதுக்குள், "பிள்ளை, ஏதும் சொல்லிச் சமாளி," என்றார்.

"படம்தான் பொய்," என்றேன்.

லெப்டினன்ட் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. "அப்ப இது அட்டையின்ட படம் இல்லை," என்றார். "வேற எதின்ட படம்?"

அட்டையின் படம்தான், ஆனால் அழகுபடுத்தியது என்று விளக்கினேன். வெட்டி, புரட்டி, ஒட்டியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஒரு பிசாசுக் கதையைச் சொல்வது போல எனக்கே பட்டது. எந்த அறிவுள்ள மனிசன் ஒரு அட்டையின் தோலை அழகுபடுத்துவான்?

"உண்மைப் படம் இருக்கா?"

"இருக்கு. கொம்பியூட்டருக்குள்ள இருக்கு."

"நாளைக்குப் பகல் வரைக்கும் ஆள் இங்க. பிறகு மேல அனுப்புவாங்க. மேல போனால் எனக்குத் தெரியாது."

மேலே என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. மேலே போன சிலருடைய தாய்மார் அப்போதும் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்தது

பெரிய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இணைப்பாளரிடம் லாப்டொப் ஒன்று இருந்தது. கேட்டேன்.

"பறிச்சுப்போட்டால் ஆர் பொறுப்பு?" என்றார்.

"மாடசாமி அண்ணனைப் பறிச்சு வைச்சிருக்கினமே ஐயா, அதுக்கு ஆர் பொறுப்பு?"

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு நாள்தான். அவர் லாப்டொப்பைத் தந்தார். தருவதற்கு முன், தன்னுடைய கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சிடியில் ஏற்றி எடுத்துக்கொண்டார். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. சரசக்கா படியில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, படங்களை ஏற்றிக்கொண்டுபோன லாப்டொப்பை முகாமில் திறந்தேன். பற்றரி நாற்பது நிமிடம்தான் நிற்கும். ஆறு ஓட்டையுள்ள வடிவான பொத்தான் வந்தது. பக்கத்தில் இருந்த கண்ணை அமத்தினேன், அது மறைந்தது. கீழே மூடிக் கிடந்த தாளின் கண்ணைத் திறந்தேன். எலி கடித்த பிஸ்கட் வந்தது. அதற்கும் கீழே இருந்த கமெராப் படத்தைத் திறந்தேன். என் கோடு அந்தப் படத்தின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

லெப்டினன்ட் குழாயில் பார்த்தார். திரையைப் பார்த்தார். "உடைஞ்ச இடம் அங்க கீழ. இங்க மேல."

கமெரா தலைகீழாகப் பிடிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். திரையில் இருந்த படம் முழுவதையும் அரைச்சுற்றுச் சுற்றித் திருப்பினேன். இந்தத் தடவை புரட்டவில்லை. உடைவு கீழே வந்து நின்றது.

அவர் எண்ணினார். ஐந்து. திரையில் எண்ணினார். ஐந்து. பெரிய ஓட்டையில் விரலை வைத்துச் சிரித்தார். பிறகு மவுஸைத் தானே வாங்கி, கண்ணை மூடுவதும் திறப்பதுமாக ஏழெட்டுத் தடவை விளையாடினார். அடுத்த அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "முஹுது கூடெல்லா," என்று ஒருவருக்கு ஒருவர் கடலட்டையின் சிங்களப் பெயரைச் சொல்லிக்கொண்டு, வரிசையில் நின்று குழாயில் பார்த்தார்கள். அத்தனை மாதத்தில் என் வேலையை ஒழுங்காகச் சரிபார்த்தவர்கள் அவர்கள்தான்.

கைநூல் பிறகு வெளிவந்தது. பளபளப்பான கடதாசி. வெள்ளை அட்டையின் பக்கத்தில் ஆறு ஓட்டைதான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார் இணைப்பாளர். அது அச்சுக்குப் போனது நான் கேட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு. முன்னுரையில் ஊர் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

அன்று முகாமில், கடைசியாக மாடசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கால் வீங்கியிருந்ததால் போட முடியவில்லை. ஒரு பக்கக் கன்னம் கறுத்திருந்தது. அவருடைய அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், லெப்டினன்ட் உற்சாகமாக, "நீயும் பார்," என்று அவரையும் குழாய்க்குப் பக்கத்தில் கூப்பிட்டார். எங்கள் கந்தோரில் இரண்டு வருடம் இருந்தும் அவரை நாங்கள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் குனிந்து நிறைய நேரம் பார்த்தார்.

ஓட்டோவில் விதானையார் முன்னுக்கு இருந்தார். நாங்கள் இருவரும் பின்னால். நுணுக்குக்காட்டி எனக்கும் அவருக்கும் நடுவில். ஓட்டோ வயல்வெளிக்குள் இறங்கியது.

"நீங்களும் இதத்தானே மிஸ் பாத்தீங்க?" என்று மாடசாமி அண்ணன் கேட்டார்.

"ஓம் அண்ணன்."

"அப்ப பாத்ததப் போட்டிருக்கலாமேங்க."

"ஐயா சொன்னவர் அண்ணன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. கறுத்த கன்னத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அடிச்ச பையனும் அதத்தாங்க சொன்னான். ஐயா சொன்னாருன்னு."